மரத்து டீச்சர்

குத்தாலம்
11.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மேகலா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாயா? நஸ்ரினிடம் நீ சொல்லிவைத்த ஓசூர் விலாசம் என் தமிழ்ப் புத்தக அட்டைக்குள்தான் இருக்கிறது. ஒரு வருஷமாக எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன். பயம்தான், வேறென்ன.

நீ இளவழகனைக் கல்யாணம் செய்துகொண்டு போன அன்றைக்கு அப்பா என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவகிட்டேருந்து ஒரு போனு, ஒரு கடுதாசி வந்துச்சுன்னு தெரிஞ்சா, அன்னிக்கோட உனக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சுது." சத்தம்கூடப் போடவில்லை. அதனால்தான் இன்னும் பயம். இப்போது பிளஸ் டூ படிக்கிறேன். வீட்டில் இருக்கிற ஒரே போனில் யார் யார் பேசினார்கள் என்று அப்பா தினமும் பார்க்கிறார். எல்லாரும் தூங்கிய பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். புது வீடு என்று பெயர்தான், எல்லாக் கதவும் கிறீச்சிடுகிறது.

எழுதக் காரணம் மகிழங்கன்று. புது வீட்டின் மேற்குச் சுவர் சாயங்காலத்தில் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. நிழலுக்கு மரம் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. ஆறே மாதத்தில் சுவர் மாதிரி வளருமே, அந்த வெளிநாட்டுச் செடியை வைக்கச் சொன்னார் சித்தப்பா. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வேன் வைத்துக் கன்று விற்க வந்தவனிடம் மகிழம்தான் வேண்டும் என்று கேட்டு ஏழெட்டுக் கன்று வாங்கினார். புது வீடு கட்டினால் மேற்கே மகிழம் வைக்கவேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாயே, அது ஞாபகம் இருந்ததோ என்னவோ. கேட்க எனக்கு தைரியம் இல்லை.

ஆனால் அக்கா, அவர் எப்படி நட்டார் தெரியுமா? பையைக் கிழித்து, கன்றை வாய்க்காலுக்குக் கொண்டுபோய், வேரை அலசினார். நாற்றுப் பறித்து அலசுவோமே, அதே மாதிரி. மண் துளிகூட இல்லாமல் வேர் வெளுத்துத் தொங்கியது. நட்ட பிறகு ஒவ்வொன்றையும் சுற்றி வரப்பு எடுத்து, மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டிவிட்டார். வடிய வடிய விடுகிறார். இலையெல்லாம் பழுத்துக் கொட்டுகிறது.

நீ போனதிலிருந்து அப்பா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. காலையில் எழுந்ததும் அங்கேதான் போய் நிற்கிறார். நேற்று ஒரு கன்றைப் பார்த்து, "ஒனக்கு இன்னும் என்ன கொறச்சல்?" என்று கேட்டார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

நீ தோட்டக்கலை படித்தவள். என்ன செய்யலாம் என்று சொல். பதிலை நஸ்ரின் அப்பாவின் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பு. "வரட்டும் பாப்பா. கண்ணாடி இல்லாம எனக்கு எதையும் படிக்க வராது, கண்ணாடிய நான் போடவும் மாட்டேன்" என்கிறார் லியாகத் அலி மாமா.

உன்
மேகலா


ஓசூர்
22.8.2024

என் மேகலாக்குட்டிக்கு,

கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்து, பிரிக்காமலே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வேரை அலசினார் என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இளவழகனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கப்பாவும் அதத்தான் செஞ்சிருப்பாரு. நெல்லத் தவிர எதையும் நட்டதில்ல" என்றார். யோசித்தால் சரிதான். நம் ஊரில் தண்ணீர் கொடுத்து எதையும் கெடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

கேள். முதலில் வரப்பை உடைத்துவிட வேண்டும். நெல் தண்ணீரில் நிற்கும், மகிழம் நிற்காது. அதற்கு மூக்கு வேரில் இருக்கிறது. களிமண்ணில் தண்ணீர் கட்டினால் மூக்கைப் பிடித்து அமுக்கியது போலத்தான். கன்றை அசைக்காமல் சுற்றிலும் ஒரு வடிகால் வெட்ட வேண்டும். வேரை அலசிய பிறகு கன்றால் இப்போது இவ்வளவு இலைக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது. பாதி இலையைக் கிள்ளிவிடுங்கள். மேற்கு வெயில் படாமல் தென்னங்கீற்றுத் தட்டி சாய்த்து வையுங்கள். அடியில் வைக்கோல் போடலாம், ஆனால் தண்டைத் தொடக் கூடாது, கரையான் ஏறும். மண் ஈரமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம், விரலை விட்டுப் பார்த்தால் தெரியும்.

எல்லாம் பிழைக்காது. பிழைத்தது போதும் என்று நினைத்துக்கொள்.

படித்ததும் கிழித்துவிடு. நன்றாகப் படி. அப்பாவுக்குத் தெரிந்து உன் படிப்பு நின்றால், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

உன்
அக்கா


குத்தாலம்
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சொன்னேன். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அப்பா, அந்த வரப்ப ஒடச்சுவிடணுமாம்."

"யாரு சொன்னா?"

நான் யோசித்து வைத்திருந்த பொய் அத்தனையும் மறந்துபோய், "டீச்சர்" என்று மட்டும் வந்தது.

"எந்த டீச்சரு?"

"அமிர்தம் டீச்சர். தாவரவியல் எடுக்குறாங்களே."

"தண்ணி குடுத்தா மரம் சாவுமாமா? அவங்க எந்த ஊரு?"

"சென்னைப்பா."

"அதான பாத்தேன். அங்க தண்ணியே கெடையாது" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் அம்மா சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. அந்த தைரியத்தில் மிச்சத்தையும் சொன்னேன். மூக்கு வேரில் இருக்கிறது என்று சொன்னபோது மட்டும் அப்பா சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு, "மோர் ஊத்து" என்றார்.

காலையில் எழுந்து பார்த்தால் வரப்பெல்லாம் உடைந்து கிடந்தது. வடிகால் வெட்டி வாய்க்காலோடு சேர்த்துவிட்டிருந்தார். கீற்றுத் தட்டி அவரே முடைந்தார். இலை கிள்ளத்தான் மனசு வரவில்லை. "நீயே கிள்ளு" என்று என்னிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலைந்து கன்று போய்விட்டது. மற்றதில் நுனி பச்சையாக இருக்கிறது. இப்போது நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா, "டீச்சரு வேற எதுவும் சொன்னாங்களா?" என்று கேட்கிறார். கன்று போன இடத்தில் திரும்ப வைக்கலாமா, எவ்வளவு இடைவெளி, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்று கேட்கச் சொன்னார். சீக்கிரம் எழுது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுது.

உன்
மேகலா


ஓசூர்
19.9.2024

அன்புள்ள மேகலாவுக்கு,

அப்பா தட்டி முடைந்தாரா? அந்தக் கையை நினைத்துக்கொண்டேன்.

சுவரிலிருந்து பன்னிரண்டு அடியாவது தள்ளி இருக்கட்டும். மரத்துக்கு மரம் இருபதடி. இப்போது பார்த்தால் வெறும் பொட்டலாகத் தெரியும், சித்தப்பா கேலி செய்வார். பொறுத்துக்கொள்ளச் சொல். மகிழம் தானாகவே குடை மாதிரி வட்டமாக வரும். நெருக்கி வைத்தால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஒல்லியாக நிற்கும், சுவருக்கு நிழலும் வராது. கீழ்க்கிளையைக் கழிக்க வேண்டாம். சாயங்கால வெயில் தாழ்வாக அடிக்கும், அதைத் தடுப்பது கீழ்க்கிளைதான். புதிதாக வைப்பதை மழை ஓய்ந்த பிறகு, தையில் மேடு கட்டி அதன்மேல் வைக்கட்டும். பையின் மண் உதிரக் கூடாது. இதை இரண்டு தரம் சொல்.

நாங்கள் இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுக்கிறோம். படம் போடுவது அவர், நடுவது நான். வருகிறவர்கள் எல்லோரும் வளர்ந்த மரமாகக் கேட்கிறார்கள். கிரேனில் கட்டித் தூக்கி வந்து இறக்கினால், மறுநாளே அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். ஒரு இடத்தில் வேர் பிடிக்க எத்தனை நாளாகும் என்று யாரும் கேட்பதில்லை. அந்த மரங்கள் வருஷக்கணக்கில் பச்சையாகத்தான் இருக்கும், ஒரு கொழுந்து விடாது. போன வாரம் ஒன்றின் அடியில் நின்றுகொண்டு, நானும் இப்படித்தான் இருக்கிறேனோ என்று நினைத்தேன். இதற்காக நீ கவலைப்படாதே. வேலை நன்றாகப் போகிறது. வீட்டு ஓனர் நல்ல மனுஷி.

அமிர்தம் டீச்சரை ரொம்ப இழுக்காதே. ஒருநாள் அப்பாவும் டீச்சரும் நேரில் பார்த்துக்கொண்டால் என்ன செய்வாய்?

உன்
அக்கா


குத்தாலம்
12.1.2025

அக்கா,

இனிமேல் எழுதாதே. கடைக்கும் எதையும் அனுப்பாதே.

அரையாண்டு மார்க்குக்குக் கையெழுத்துப் போடப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். எப்போதும் அம்மாதான் வருவாள். அவளுக்கு முழங்கால் வலி என்று அப்பா வந்துவிட்டார். வேட்டியை மாற்றிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

அமிர்தம் டீச்சர் முன்னால் போய்க் கும்பிட்டார். "நீங்க சொன்னபடிதான் செஞ்சேங்க. மகிழங்கன்னு தப்பிச்சிடுச்சு" என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"நானாங்க? என்ன சொன்னேன்?"

"வரப்ப ஒடைக்கச் சொன்னீங்களே. எலையக் கிள்ளி, தட்டி வெச்சு."

டீச்சர் சிரித்துக்கொண்டே, "நான் புக்ல இருக்கறத நடத்துறதோட சரிங்க. எங்க வீட்டுத் தொட்டியில துளசிகூட நிக்காது" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு என்ன தெரியும்.

அப்பா, "அப்படிங்களா" என்றார். கையெழுத்துப் போட்டார். வாழைப்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் நேராகக் கன்றுகளிடம் போனார். இருட்டும்வரை அங்கேயே இருந்தார். சாப்பிடும்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டுவிட்டால்கூடத் தேவலை. அடித்தால்கூடத் தேவலை. காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, "நில்லு" என்று குரல் வரும் என்று முதுகு காத்துக்கொண்டே இருக்கிறது. மூக்கு வேரில் இருக்கிறது என்று நீ எழுதியதை அப்படியே சொல்லியிருக்கக் கூடாது. அப்படியெல்லாம் பேசுவது இந்த வீட்டில் நீ ஒருத்திதான் என்று அவருக்குத் தெரியாதா?

கோபப்படாதே. எனக்குப் படிக்கணும்.

மேகலா


குத்தாலம்
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்று சொல்லிவிட்டு நானே எழுதுகிறேன். நீயும் சொன்னபடி எழுதாமல் இருந்துவிட்டாய். கடைக்குப் போகிற போதெல்லாம் லியாகத் அலி மாமா கையை விரித்துக் காட்டுவார். நிம்மதியாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

பொங்கலுக்கும் அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தவும் இல்லை. அறுப்பு முடிந்து நெல் வந்தது. நேற்று சாயங்காலம் கன்றுகள் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார். ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் மாவு அப்பினது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"ஒங்க டீச்சர்கிட்ட கேளு, இதுக்கு என்ன அடிக்கலாம்னு."

"எந்த டீச்சர்ப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

அப்பா இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அதான், அந்த மரத்து டீச்சர்" என்றார்.

அக்கா, அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறார்.

இன்று காலையில் புது அரிசி ஒரு சிப்பம் கட்டிவைத்திருக்கிறார். "டீச்சர் வீட்டுக்கு அனுப்பணும். வெலாசம் வாங்கி வையி. கடையில வாங்குற அரிசி அவங்களுக்கு ஒத்துக்காது" என்றார். அம்மா அடுப்படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. ஆனால் இது வேறு மாதிரி பயம். விலாசத்தைக் கொடுக்கட்டுமா?

உன்
மேகலா


ஓசூர்
10.2.2025

அன்புள்ள மேகலாவுக்கு,

வெள்ளையாக இருப்பது மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, இலைக்கு அடிப்புறம் படுகிறமாதிரி தெளிக்கச் சொல். வெயில் இறங்கிய பிறகு. வாரம் ஒருதரம். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் பூச்சியைக் கொண்டுவந்து விடும். மரம் என்ன பாவம் செய்தது, அதற்கு மருந்து சொல்லாமல் இருக்க மாட்டேன்.

அரிசியை மட்டும் அனுப்ப வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், மறைக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அப்பா என்னைத் தேடுகிறார் என்று தெரிகிறது. ஆனால் அவர் தேடுவது டீச்சரை. டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. டீச்சர் வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அந்த அரிசியை வடித்து இலையில் போட்டால், எதிரே உட்கார்ந்திருக்கிறவர் பெயரில்லாமல் சாப்பிட வேண்டும். அவருடைய அப்பா நம் வயலில் எத்தனை வருஷம் நட்டு, அறுத்து, களத்தில் தூற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு டீச்சர் பெயரைச் சொல்லி நான் சோறு போட மாட்டேன்.

இளவழகனிடம் சொன்னேன். "வாங்கிக்க, பிரகதி. பெரியவரு மனசு" என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் எனக்கு இன்னும் முடியவில்லை.

நீ இதை அப்பாவிடம் சொல்லியாக வேண்டும் என்று இல்லை. விலாசம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு. உன் பரீட்சைதான் முக்கியம். அது முடியட்டும். அதுவரை எதையும் உடைக்க வேண்டாம்.

என்மேல் வருத்தப்படாதே, குட்டி.

உன்
அக்கா


குத்தாலம்
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

விலாசம் கிடைக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறொன்று வந்துவிட்டது.

அப்பா மருந்து தெளித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். "அவங்க அரிசி வேணாம்னுட்டாங்கப்பா" என்றேன்.

"ஏன்?"

"டீச்சருக்குன்னு கட்டுன சிப்பமாம்."

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நானே போய் மூடினேன். இனி என் புத்தகத்தையெல்லாம் கட்டிவைக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இரவு முழுதும் தூங்கவில்லை. அப்பாவும் தூங்கவில்லை, கட்டில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

காலையில் பார்த்தால் சிப்பம் வண்டியின் முன்பக்கம் ஏறியிருந்தது. "வா. வெலாசம் ஒனக்குத்தான தெரியும்" என்றார். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. மயிலாடுதுறையில் லாரி பார்சல் ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒரு பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே தட்டினான்.

"அனுப்புறவங்க?"

"தியாகராசன்."

"வாங்குறவங்க பேரு?"

நான் உன் பெயரைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அப்பா என் தோளைத் தொட்டார். பிறகு அவரே சொன்னார். "இளவழகன்."

அக்கா, இந்த ஒன்றரை வருஷத்தில் அந்தப் பெயரை அப்பா வாயால் நான் கேட்டதில்லை.

"இனிஷியல்?"

"செ. செல்லதுரை மகன்."

"அப்பா பேரெல்லாம் வேணாங்க, இனிஷியல் போதும்" என்றான் அவன்.

"சரி, போட்டுக்க" என்றார் அப்பா.

மிச்சத்தை நான் சொன்னேன். தெரு, வீட்டு நம்பர், பின்கோடு. ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து டீ குடித்தோம். எனக்கு ஒரு போண்டா வாங்கிக் கொடுத்தார். "எழுத்துப் பரீட்சை எப்ப ஆரம்பிக்குது?" என்று கேட்டார். சொன்னேன். "ம், படி" என்றார். அவ்வளவுதான். உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வரச் சொல் என்றும் சொல்லவில்லை. அதை நான் சேர்த்து எழுதினால் பொய்யாகிவிடும்.

உனக்கு வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடு. நான் உன்மேல் வருத்தப்பட மாட்டேன். ஆனால் புதன்கிழமை ஓசூர் வந்துவிடும், சனிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் குடோன் வாடகை போடுவார்களாம். உன்னிடம் கொடுக்க மாட்டார்கள், கேட்டுப் பார்த்தேன். ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு அத்தானைப் போகச் சொல். சிப்பம் அத்தான் பெயரில் இருக்கிறது.

உன்
மேகலா